எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு

விற்றால் விலையில்லை, விட்டால் துரு
என்று சொல்லி அண்ணன் கட்டாருக்குப் போனான்.
பழைய சன்னிக் காரின் திறப்பு என் கையில்.
கோணேசபுரியில் வகுப்பு, விடுதியில் மூன்றாம் அறை,
காவலாளி கொட்டிலுக்குப் பின்னால்
வேம்பின் கீழே கார்.

மத்திய வீதிக் கடைக்காரர் சிவப்புப் பெட்டியைத் திறந்தார்.
நாற்பது சாமான், ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் படுத்திருந்தது.
"முழு செட்டாய் எடுங்கோ தங்கச்சி, லாபம்."
விலையைக் கேட்டேன்.
கன்ரீனில் இரண்டு மாதச் சோறு.
பெட்டிக்குள் பதினொன்று இருந்தது, பதின்மூன்றும் இருந்தது.
என் காரில் அந்த இரண்டுக்கும் வேலையே இல்லை.
"எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு
தனித்தனியாகத் தாங்கோ" என்றேன்.
அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.
குறடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.
ஐந்தாவதற்குத்தான் பல்லோடு பல் பொருந்தியது.
சுத்தியல் வாங்க நினைக்கவில்லை.
பிடி நன்றாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

வாங்கியது லேசு. வைக்க இடம்?
இங்கே உப்பு சன்னலால் வருவதில்லை,
சுவரால் வருகிறது.
ஊசி, கொண்டைக் கிளிப், நோட்டுக் கொப்பியின் கம்பி,
எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கிறது.
மூன்றாம் கிழமையே எட்டுக்கு மஞ்சள் தேமல்.
கட்டிலுக்குக் கீழே நிலம் வியர்க்கும்.
காரின் டிக்கியில் கார்த்திகை மழை குளம் கட்டும்.
கடைசியில் கிண்ணியா சஹ்மினாதான்
கிழிந்த பெட்சீட்டில் பைகள் தைத்துத் தந்தாள்,
ஒவ்வொரு பையிலும் பச்சை நூலால் எண்.
தையல் மெசின் எண்ணெய் தடவி, சுருட்டிக் கட்டி,
அலுமாரியின் அடித்தட்டில்
அவளுடைய மாசிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.
அதற்குப் பிறகு என் சட்டையில் எண்ணெய் வாசம்,
ஸ்பனரில் மாசி வாசம்.

வோர்டன் திலகேஸ்வரி மிஸ் சுருளை அவிழ்த்தார்.
"இது பொம்பிளைப் பிள்ளையளின்ர விடுதியோ, கராஜோ?"
ஸ்பனர்களைத் திருப்பித் தந்தார், சுத்தியலைத் தரவில்லை.
அலுவலக மேசையில் அதற்கென்று ஒரு கொப்பி:
எடுத்த நேரம், கொடுத்த நேரம், காரணம்.
காரணம் என்ற இடத்தில்
முதல் நாள் "அடிக்க" என்று எழுதிவிட்டேன்.
அதற்கும் ஒரு விசாரணை.

சில்லு நட்டு இறுகிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அலுவலகம் பூட்டு.
கடற்கரையில் இருந்து கல் கொண்டுவந்தேன்.
கல் உடைந்தது, நட்டு அசையவில்லை.
காவலாளி தன் இரண்டு காலாலும்
கம்பியின் மேல் ஏறி நின்றார்.
பிறகு, ஒரு சத்தம்.
நான் நட்டு உடைந்ததென்றே நினைத்தேன்.
கழன்றிருந்தது.

அடுத்த கிழமை பத்து காணாமல் போயிற்று.
காரில் பாதி வேலை பத்துக்குத்தான்.
பொனற்றுக்குள் தேடினேன், மணலை அரித்தேன்.
காவலாளியை ஒருநாள் வேறு மாதிரிப் பார்த்தேன்.
அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சம்.
புதிதாக ஒன்று வாங்கக் காசு இல்லை,
குறட்டால் பிடித்துத் திருகி
இரண்டு நட்டின் மூலையைத் தேய்த்துவிட்டேன்.

சோதனைக் காலம் வந்தது.
சஹ்மினா விடியும்வரை படிப்பாள், புரண்டு புரண்டு.
அந்தக் கட்டில் புரளும்போதெல்லாம்
ஆடு மாதிரிக் கத்தும்.
இந்த முறை கத்தவில்லை.
ஏனென்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை,
நன்றாக நித்திரை கொண்டேன்.

நேற்று மெத்தையை வெயிலுக்குத் தூக்கும்போது
பத்து கீழே விழுந்தது.
அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.
"கட்டில் காலுக்கும் பத்துத்தான்.
ஒவ்வொரு ராவும் இறுக்கினேன்.
நீ எழும்பிடுவாய் எண்டுதான்.
சொன்னா நீ என்ர கட்டிலைக் கழட்டிப் பார்ப்பாய்."
அதுவும் உண்மைதான்.

கையில் எடுத்துப் பார்த்தேன்.
தேங்காயெண்ணெய் வாசம், அவள் தலைக்கு வைப்பது.
ஒரு பொட்டுத் துரு இல்லை.

நாளைக்குப் பற்றரி முனையைக் கழற்ற வேண்டும்.
அதற்கும் பத்து.
அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.